எண்ணை மூடிவைத்துவிட்டுக் கோப்பைத் திறவுங்கள்: ஆய்வாளர் தேர்வுக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

ஆய்வாளர்களைத் தேர்ந்தெடுக்கும், பதவி உயர்வு தரும், ஆய்வு நிதியைப் பிரித்துக் கொடுக்கும் குழுக்களின் உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

பாலிமர் சூரிய மின்கலங்களோடு காலத்தைக் கழிப்பவன் நான். கண்ணாடித் துண்டின் மேல் நூறு நானோமீட்டர் தடிமனில் ஒரு நிறப் படலத்தைப் பூசி, அதிலிருந்து எவ்வளவு மின்சாரம் வருகிறது என்று பார்ப்பதே இருபது ஆண்டுகளாக என் வேலை. சில ஆண்டுகளாக உங்களைப் போல நானும் தேர்வுக் குழுக்களில் உட்காருகிறேன். அதனால் இதை வெளியாள் எழுதும் புகாராக எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்தவர்களில் ஒருவன், தன் பங்கையும் ஒப்புக்கொண்டு எழுதுகிறேன்.

கடைசியாக நான் உட்கார்ந்த குழுவில் முதலில் எங்கள் கைக்கு வந்தது ஒரே ஒரு தாள். பெயர், கட்டுரைகளின் எண்ணிக்கை, மொத்த மேற்கோள்கள் (பிற கட்டுரைகள் அவற்றை எத்தனை முறை சுட்டின என்ற கணக்கு), எச்-இன்டெக்ஸ் (இது 10 என்றால், குறைந்தது பத்து மேற்கோள் பெற்ற கட்டுரைகள் பத்து உண்டு என்று பொருள்). அதிக மேற்கோள் பெற்றவர் மேலே, குறைவாகப் பெற்றவர் கீழே. கோப்புகளையும் அந்த வரிசையில்தான் திறந்தோம். முதல் பெயரைப் பற்றி அரை மணி நேரம் பேசினோம். கடைசிப் பெயர் வந்தபோது எல்லோரும் களைத்துப்போயிருந்தோம். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அந்தக் கடைசிக் கோப்புக்கு உரியவர், மின்கலங்களை ஆயிரக்கணக்கான மணி நேரம் வெளிச்சத்தில் வைத்து, அவை எந்த இடத்தில், எதனால் பழுதாகின்றன என்று படலம் படலமாகப் பிரித்துப் பார்த்தவர். அவர் எழுதிவைத்த அளவீட்டு முறையைத்தான் என் ஆய்வகத்தில் மாணவர்களுக்குச் சொல்லித்தருகிறேன். "மேற்கோள் ரொம்பக் குறைவாக இருக்கிறதே" என்றார் ஓர் உறுப்பினர். நான் வாய் திறக்கவில்லை. கோப்பு மூடப்பட்டது. அன்று சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன்.

நான் கேட்பது சிறிய மாற்றம். அந்தத் தாளைக் கூட்டத்தின் தொடக்கத்தில் கொடுக்காதீர்கள். எங்கள் துறையில் மேற்கோள் எண் எப்படி உருவாகிறது என்று தெரிந்தால் ஏன் இதைக் கேட்கிறேன் என்பது விளங்கும்.

கரிம சூரிய மின்கலத்தை, அதாவது பாலிமர் போன்ற கரிமப் பொருள்களால் ஆன மின்கலத்தைப் பற்றிய ஏதாவது ஓர் ஆய்வுக் கட்டுரையை எடுத்துப் பாருங்கள். முதல் வாக்கியம் ஏறத்தாழ எல்லாவற்றிலும் ஒன்றுதான்: இந்த மின்கலங்கள் எடை குறைந்தவை, வளையக்கூடியவை, செய்தித்தாளைப் போல அச்சிட்டே செய்துவிடலாம். அந்த வாக்கியத்தின் முடிவில் எட்டோ பத்தோ மேற்கோள்கள் வரிசையாக நிற்கும். பெரும்பாலும் மீளாய்வுக் கட்டுரைகள், அண்மையில் செய்திறனில், அதாவது விழும் ஒளியில் எத்தனை விழுக்காடு மின்சாரமாகிறது என்பதில், சாதனை படைத்த கட்டுரைகள். எழுதியவர் அவற்றில் இரண்டைப் படித்திருந்தால் அதிகம். நானும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். முந்தைய கட்டுரையின் பட்டியலை அப்படியே எடுத்து அடுத்ததில் வைத்திருக்கிறேன். இரண்டாம் பத்தியில் இதுவரை எட்டிய செய்திறன்களின் வரலாறு. அங்கே இன்னொரு பத்து. பிறகு செய்முறைப் பகுதி வரும். எந்த விளக்கின் கீழ் அளந்தோம், மின்கலத்தின் பரப்பை எப்படி வரையறுத்தோம், விளக்கின் நிறமாலை சூரியனிலிருந்து எவ்வளவு விலகுகிறது, அதை எப்படித் திருத்தினோம் என்பதெல்லாம் அங்கேதான் இருக்க வேண்டும். முடிவு நிற்குமா சரியுமா என்பதைத் தீர்மானிப்பது அந்தப் பகுதி. அங்கே பல கட்டுரைகளில் ஒரு மேற்கோள்கூட இருக்காது. அலங்காரமாக எழுதும் இடத்தில் மேற்கோள் கொட்டுகிறது. அறிவு ஊன்றி நிற்கும் இடத்தில் வறண்டு கிடக்கிறது. நீங்கள் கூட்டிப் பார்க்கும் எண் இந்த இரண்டையும் பிரித்தறியாது.

மேற்கோளே பொய் என்று சொல்ல வரவில்லை. சில கட்டுரைகள் பெற்ற ஒவ்வொரு மேற்கோளும் உழைத்துப் பெற்றது. எங்கள் துறையின் கதையைச் சொன்னால் புரியும்.

சிலிக்கானில் ஒளி பட்டால் எலக்ட்ரான் எளிதாக விடுபட்டு ஓடும். பாலிமரில் அப்படி நடக்காது. எலக்ட்ரானும் அது விட்டுவந்த வெற்றிடமும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு, எக்சிட்டான் என்ற இணையாகத் திரியும். சுமார் பத்து நானோமீட்டர் தூரத்துக்குள் அந்த இணையைப் பிரித்துவிடும் எல்லை ஒன்று எதிர்ப்படாவிட்டால், வந்த ஒளி வெப்பமாகவோ மங்கிய ஒளிர்வாகவோ வீணாகிவிடும். ஒளியைப் போதுமான அளவு உறிஞ்சவோ நூறு நானோமீட்டர் படலம் வேண்டும். நூறு வேண்டிய இடத்தில் பத்துதான் பயன்படும் என்றால் என்ன செய்வது? 1986இல் கோடாக் நிறுவனத்தின் சிங் டாங் இரண்டு வெவ்வேறு கரிமப் பொருள்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் படிய வைத்து, அவை தொடும் எல்லையில் எக்சிட்டானைப் பிரித்துக் காட்டினார். செய்திறன் சுமார் 1 விழுக்காடு. 1992இல் சாரிசிஃப்ட்சி, ஹீகர், வுட்ல் குழுவினர் கடத்தும் பாலிமரிலிருந்து எலக்ட்ரான், கார்பன் அணுக்களால் ஆன பந்து போன்ற ஃபுல்லரீன் மூலக்கூறுக்குத் தாவுவதைக் கண்டார்கள். 1995இல் வந்தது அடுத்த படி: இரண்டு பொருளையும் ஒரே கரைப்பானில் கரைத்துப் பூசிவிட்டால், உலரும்போது அவை தாமாகவே பிரிந்து, கைவிரல்களைக் கோத்தது போல ஒன்றுக்குள் ஒன்று புகுந்து நிற்கும். படலத்தின் எந்தப் புள்ளியிலிருந்து பார்த்தாலும் பத்து நானோமீட்டருக்குள் ஓர் எல்லை. அச்சிட்டுச் செய்யும் சூரிய மின்கலம் என்ற கனவுக்கு அடித்தளமே அந்த ஒரு யோசனை. இதை மாணவர்களுக்குச் சொல்லும்போதெல்லாம் எனக்கு இன்னும் உற்சாகம் வருகிறது.

இன்று அந்த யோசனையைப் பயன்படுத்தும் இளைஞர்களில் பலருக்கு அது எந்தக் கட்டுரையில் தொடங்கியது என்றே தெரியாது. பாடப்புத்தகத்துக்குள் போய்விட்டது. ஒரு கண்டுபிடிப்பு எல்லோருக்கும் பொதுவாகிவிட்டால் கண்டுபிடித்தவரின் பெயர் உதிர்ந்துவிடும் என்று சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் பல பத்தாண்டுகளுக்கு முன்பே எடுத்துக்காட்டினார். ஆழமாகப் பயன்படும் வேலை, ஒரு கட்டத்துக்குப் பிறகு மேற்கோளே இல்லாமல் பயன்படத் தொடங்குகிறது.

இன்னொரு வகையும் உண்டு. 2015இல் ஷியாவோவெய் ஜான் குழு ஐடிஐசி என்ற மூலக்கூறை வெளியிட்டது. ஃபுல்லரீன் இல்லாமலே நல்ல மின்கலம் செய்யலாம் என்று பலரும் நம்பத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். 2019இல் யிங்பிங் ஸோ குழுவிடமிருந்து ஒய்6 என்ற மூலக்கூறு வந்தது, செய்திறன் 15.7 விழுக்காடு. உலகெங்கும் ஆய்வகங்கள் அதை வாங்கின, தாங்களே செய்தும் பார்த்தன, பக்கச் சங்கிலிகளை மாற்றின. பல இடங்களில் அது வேலை செய்தது. சில ஆண்டுகளிலேயே ஒளியை உறிஞ்ச ஒரே அடுக்கு கொண்ட ஒற்றைச் சந்தி மின்கலங்கள் 19 விழுக்காட்டைத் தாண்டியதற்கு அந்த மூலக்கூறு குடும்பமே காரணம். ஒய்6 கட்டுரையை மேற்கோள் காட்டும் ஒருவர் பெரும்பாலும் அந்தப் பொருளைக் கையில் எடுத்துக் கரைத்துப் பூசியவர். அத்தகைய மேற்கோளுக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் அதன் எடை எனக்குத் தெரிவது, மேற்கோள் காட்டிய கட்டுரைகளைப் படித்ததால். தாளில் இருக்கும் கூட்டுத்தொகையில் அது தெரியாது.

இப்போது சங்கடமான பகுதிக்கு வருகிறேன். எங்கள் துறையில் செய்திறன் என்ற எண் மூன்று எண்களின் பெருக்கல்: மின்னோட்ட அடர்த்தி, திறந்த சுற்று மின்னழுத்தம், இவ்விரண்டின் பெருக்கலில் எவ்வளவு பங்கு உண்மையில் திறனாகக் கிடைக்கிறது என்று காட்டும் நிரப்புக் காரணி. சதுர சென்டிமீட்டருக்கு 25 மில்லியாம்பியர், 0.84 வோல்ட், 0.75 என்றால் கிட்டத்தட்ட 15.7 விழுக்காடு. இதில் மின்னழுத்தத்தை அளப்பதில் பெரிய தவறு வராது. அபாயம் மின்னோட்ட அடர்த்தியில் இருக்கிறது. ஏனென்றால் அதைப் பெற, அளந்த மின்னோட்டத்தைப் பரப்பால் வகுக்க வேண்டும். ஆய்வக மின்கலங்கள் மிகச் சிறியவை. இரண்டு மில்லிமீட்டருக்கு இரண்டு மில்லிமீட்டர், அதாவது நான்கு சதுர மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒளி விழும் பரப்பை வரையறுக்கும் முகமூடித் தகடு இல்லாமல் அளந்து, மின்முனையின் விளிம்புக்கு வெளியே நான்கு பக்கமும் வெறும் 0.1 மில்லிமீட்டர் அகலத்துக்கு மின்னோட்டம் சேர்ந்துகொண்டால், உண்மையில் வேலை செய்த பரப்பு 2.2 பெருக்கல் 2.2, அதாவது 4.84. நாமோ நான்கால் வகுக்கிறோம். 21 விழுக்காடு மிகை. 13 விழுக்காட்டு மின்கலம் 15.7 ஆகிவிடும். யாரும் பொய் சொல்லவில்லை. ஒரு தலைமுடியின் தடிமனளவு கவனக்குறைவு, சாதாரண முடிவைச் சாதனையாக்கிவிட்டது.

இதைப் பிடிக்க ஒரு நேர்மையான வழி உண்டு. ஒவ்வொரு அலைநீளத்திலும் எத்தனை ஃபோட்டானுக்கு எத்தனை எலக்ட்ரான் வந்தது என்று தனியாக அளந்து, சூரிய நிறமாலையோடு பெருக்கிக் கூட்டினால் வர வேண்டிய மின்னோட்டம் தெரிந்துவிடும். விளக்கின் கீழ் அளந்ததும் இதுவும் ஒத்துப்போக வேண்டும். இப்படி வெளியான கட்டுரைகளையே எடுத்துச் சரிபார்த்த ஒரு குழு 2014இல் நேச்சர் ஃபோட்டானிக்ஸ் இதழில் எழுதியது: பிழையான செய்திறன் அறிக்கைகள் கரிம மின்கல ஆய்வுக்குத் தீங்கு செய்கின்றன என்று தலைப்பிலேயே சொன்னார்கள். மறு ஆண்டே அந்த இதழ்க் குடும்பம் சூரிய மின்கலக் கட்டுரைகளுக்குச் சரிபார்ப்புப் பட்டியலைக் கட்டாயமாக்கியது.

இந்த இடத்தில் மேற்கோள் எண் என்ன செய்கிறது என்று பாருங்கள். குறைத்து அளந்தவரின் முடிவு சாதனை ஆகாது; யாருக்கும் தெரியாமல் போகும். மிகைத்து அளந்தவரின் முடிவு சாதனைப் பட்டியலில் ஏறும். அடுத்து எழுதுகிற ஒவ்வொருவரும் தம் இரண்டாம் பத்தியில் அதை மேற்கோள் காட்டுவார்கள். பிழை இரு பக்கமும் வரலாம், பரிசு ஒரு பக்கத்துக்கு மட்டுமே கிடைக்கிறது. நீங்கள் அந்தப் பரிசை எண்ணிப் பதவியாக்கும்போது, கவனமாக அளப்பவருக்கு அபராதம் போடுகிறீர்கள்.

சூரிய மின்கலத்தோடு இது நிற்கவில்லை. கரிம டிரான்சிஸ்டர்களில் மின்னூட்டம் எவ்வளவு விரைவாக நகர்கிறது என்பதற்கு நகர்திறன் என்று ஓர் எண் உண்டு. சில ஆண்டுகள் அந்த எண் ஏறிக்கொண்டே போனது. ஏற ஏற மேற்கோளும் குவிந்தது. மின்முனைத் தொடர்பிலுள்ள தடை, வரைபடத்தில் ஓரிடத்தில் செங்குத்தான வளைவை உண்டாக்குகிறது என்றும், அந்த வளைவின் சரிவை எடுத்துக் கணக்கிட்டால் நகர்திறன் பத்து மடங்குவரை மிகையாகத் தெரியலாம் என்றும் 2016இல் வெளிப்படையாக எழுதினார்கள். துறை முழுவதும் பழைய வரைபடங்களைத் திரும்பிப் பார்க்க வேண்டியதாயிற்று. அந்த எண்களைக் காட்டிப் பெற்ற மேற்கோள்களை யாரும் திரும்பப் பெறவில்லை. அப்படித் திரும்பப் பெற வழியும் கிடையாது.

கரிம மின்னணுவியலில் இருப்பவர்கள் பேசத் தயங்கும் பெயர் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பெல் ஆய்வகத்தின் யான் ஹென்ட்ரிக் ஷோன் 2001இல் சராசரியாக எட்டு நாளுக்கு ஒரு கட்டுரை எழுதினார். கரிமப் படிகத்தில் மீக்கடத்தல், ஒற்றை மூலக்கூறு டிரான்சிஸ்டர் என்று நேச்சரிலும் சயன்ஸிலும் தொடர்ந்து வந்தன. பரிசுகள் வந்தன, மேற்கோள்கள் வந்தன. பல நாடுகளில் ஆய்வகங்கள் அந்தச் சோதனைகளைத் திரும்பச் செய்து பார்த்துத் தோற்றுக்கொண்டிருந்தன. முனைவர் பட்ட மாணவர்களின் ஆண்டுகள் அதில் கரைந்தன. தோற்றவர்கள் கட்டுரை எழுதவில்லை; தங்கள் கைதான் சரியில்லை என்று நினைத்தார்கள். 2002இல் லிடியா சோனும் பால் மெக்யூவனும் வெவ்வேறு கட்டுரைகளில் வெவ்வேறு சோதனைகளுக்கு ஒரே இரைச்சல் கோடு, அதாவது தற்செயலாக வரும் அதே சிறு ஏற்ற இறக்கங்கள், இருப்பதைச் சுட்டிக்காட்டினார்கள். மால்கம் பீஸ்லி தலைமையிலான குழு ஆராய்ந்த 24 குற்றச்சாட்டுகளில் 16இல் முறைகேடு நடந்தது என்று கண்டது. அந்தச் சந்தேகம் எழுவதற்கு முந்தைய மாதத்தில் ஷோனின் பெயர் உங்கள் தாளில் இருந்திருந்தால் எங்கே இருந்திருக்கும்? உச்சியில். வரைபடத்தின் இரைச்சலை உற்றுப் பார்க்கப் பொறுமை இருந்த இருவர் கண்டதை, ஏறிக்கொண்டிருந்த எண் கடைசிவரை காட்டவில்லை.

என் கதை அவ்வளவு பெரிதன்று. ஆனால் எனக்கு அதுதான் உறுத்துகிறது. சில ஆண்டுகளுக்கு முன், நல்ல செய்திறன் காட்டிய ஒரு பாலிமரை நாங்கள் திரும்பச் செய்ய முயன்றோம். எட்டு மாதம். கட்டுரையில் சொன்ன கரைப்பான், சொன்ன வெப்பநிலை, சொன்ன சுழற்சி வேகம். வந்தது அவர்கள் சொன்னதில் பாதிக்குச் சற்று மேல். பாலிமரின் மூலக்கூறு எடை ஒரு தொகுப்புக்கும் அடுத்த தொகுப்புக்கும் மாறும். ஆக, தவறு அவர்களுடையது என்று நான் சொல்லவே மாட்டேன். எங்கள் தொகுப்பே வேறாக இருந்திருக்கலாம். அந்த எட்டு மாதத்தில் நாங்கள் கற்றுக்கொண்டது என் மாணவியின் குறிப்பேட்டில் கிடக்கிறது. வேறொரு பொருளுக்கு மாறினோம், கட்டுரை எழுதினோம். அந்தக் கட்டுரையின் முன்னுரையில், துறையின் முன்னேற்றத்துக்கு எடுத்துக்காட்டாக அதே பழைய கட்டுரையை மேற்கோள் காட்டினோம். அதன் எண்ணிக்கையில் ஒன்று என்னுடையது. என்னைப் போல எத்தனை பேரோ. அந்த ஆசிரியர் உங்கள் முன் வந்து நின்றால், அவருடைய எண்ணுக்குள் எங்கள் தோல்வியும் வெற்றியின் வேடத்தில் உட்கார்ந்திருக்கும்.

எதிர்ப்பக்கத்தையும் சொல்கிறேன். கடத்தும் பாலிமருக்கு 2000ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு ஹீகர், மெக்டியார்மிட், ஷிரகாவா மூவருக்கும் கிடைத்தது. 1977இல் அவர்கள் பாலிஅசெட்டிலீனில் அயோடினைச் செலுத்திச் செய்த வேலைக்காக. அந்தப் பரிசு முழுக்கத் தகும். ஆனால் 1963இலேயே ஆஸ்திரேலியாவில் டொனால்ட் வைஸ் குழுவினர் அயோடின் சேர்ந்த பாலிபிரோல் நன்றாக மின்சாரம் கடத்துவதை எழுதிவிட்டார்கள். ஆஸ்திரேலிய வேதியியல் இதழில் வந்த அந்தக் கட்டுரைகள் நீண்ட காலம் பெரும்பாலோர் கண்ணில் படவில்லை. மேற்கோள் எண்ணை வைத்து 1970இல் ஒரு குழு கூடியிருந்தால், அந்த வேலையைத் தொடர ஒரு காசுகூடக் கொடுத்திருக்காது. பெரோவ்ஸ்கைட் என்ற படிக அமைப்புள்ள பொருளால் ஆன மின்கலமும் அப்படித்தான்: 2009இல் மியாசகா குழு 3.8 விழுக்காட்டோடு வெளியிட்டபோது திரும்பிப் பார்த்தவர்கள் சிலரே. 2012இல் திட நிலை மின்கலங்கள் வந்த பிறகுதான் வெள்ளம். எங்கள் துறையிலிருந்தே பாதிப் பேர் அந்தப் பக்கம் ஓடினார்கள். ஓடியவர்களின் மேற்கோள் ஏறியது, இருந்து வேலை செய்தவர்களுடையது தேங்கியது. கூட்டம் எங்கே நிற்கிறது என்பதைத்தான் அந்த ஏற்றம் காட்டியது.

இப்போது அந்தக் கடைசிக் கோப்பு. மின்கலம் எத்தனை நாள் உழைக்கும் என்பதை அளப்பது எங்கள் துறையில் ஆகக் கடினமான, ஆகத் தேவையான வேலை. ஆக்சிஜன், ஈரம், வெப்பம், புற ஊதா ஒளி, படலத்துக்குள் இரண்டு பொருளும் மெல்ல மெல்ல விலகிப் பிரிவது என்று கொல்லும் காரணங்கள் பல. ஒவ்வொன்றையும் தனித்தனியாக நிறுத்திப் பார்க்க வேண்டும். எல்லோரும் ஒரே முறையில் அளக்க வேண்டும் என்று 2011இல் ஒரு பெரும் கூட்டுக் குழு ஐசாஸ் நெறிமுறைகளை வகுத்தது. அவற்றின்படி ஆயிரம் மணி நேரச் சோதனை ஒன்றுக்கு ஆறு வாரம் ஆகும். ஐயாயிரம் மணி நேரம் என்றால் ஏழு மாதம். அதே ஏழு மாதத்தில் சாதனையைத் துரத்தும் ஆய்வகம் நூற்றுக்கணக்கான மின்கலங்களைச் செய்து, மிகச் சிறந்த ஒன்றை மட்டும் எடுத்து எழுதிவிடும். ஆயுளை அளப்பவருக்கு ஆண்டுக்கு ஒரு கட்டுரை. அதுவும் பெரும்பாலும் கெட்ட செய்தி: நீங்கள் கொண்டாடும் பொருள் இத்தனை மணி நேரத்தில் இப்படிச் சிதைகிறது. அந்தப் பொருளைக் கொண்டாடும் கட்டுரைகளின் முதல் வாக்கியத்தில் இதற்கு இடம் கிடைக்காது. இந்த மின்கலங்கள் ஒரு கூரையிலோ சன்னலிலோ என்றாவது ஒட்டப்படுமானால், அதற்கு இந்தப் பொறுமைசாலிகளே காரணமாக இருப்பார்கள்.

எழுத்துரிமையைப் பற்றியும் சுருக்கமாக. எங்கள் கட்டுரை ஒன்றில் பதினைந்து பெயர்கள் இருப்பது வழக்கம். மூலக்கூறைச் செய்தவர், மின்கலத்தைச் செய்தவர், எக்ஸ் கதிரில் பார்த்தவர், கணக்கிட்டவர், கருவியைக் கொடுத்தவர். ஒரு மேற்கோள் வந்தால் பதினைந்து பேருக்கும் முழுதாக ஒன்று ஏறும். ஒரே உழைப்பைப் பதினைந்து முறை எண்ணுகிறோம்.

எச்-இன்டெக்ஸ் இதைச் சரிசெய்துவிடும் என்று நம்புபவர்கள் உண்டு. ஐந்தே கட்டுரை எழுதி ஒவ்வொன்றுக்கும் ஆயிரம் மேற்கோள் பெற்றவருக்கு எச்-இன்டெக்ஸ் 5. நாற்பது கட்டுரை எழுதி ஒவ்வொன்றுக்கும் நாற்பது பெற்றவருக்கு 40. இவர்களில் யார் துறையை நகர்த்தினார் என்று அந்த எண்ணால் சொல்ல முடியுமா? 2005இல் அதை முன்வைத்த இயற்பியலாளர் ஹிர்ஷே பின்னாளில் அதன் தீய விளைவுகளைப் பற்றி எச்சரித்து எழுதினார். மேற்கோள் அட்டவணையின் தந்தை யூஜின் கார்ஃபீல்ட் 1955இல் அந்த யோசனையை எழுதியதே, ஒரு கருத்து யார் யார் கைக்குப் போனது, யார் அதை மறுத்தார்கள் என்று தேடிக் கண்டுபிடிப்பதற்காக. தேடுவதற்குச் செய்த வழிகாட்டியை நாம் அளவுகோலாக்கிக்கொண்டோம். ஆய்வை எப்படி மதிப்பிட வேண்டும் என்று 2013இல் வெளியான சான்ஃபிரான்சிஸ்கோ பிரகடனமும் 2015இன் லைடன் அறிக்கையும் இதையெல்லாம் சொல்லிவிட்டன. பிரகடனத்தில் கையெழுத்திட்ட நிறுவனங்கள் பல. கையெழுத்துக்குப் பிறகும் அந்தத் தாள் மேசைக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது.

உங்களில் சிலர் சொல்லப்போகும் பதிலை அறிவேன், அது நியாயமானதும்கூட. எண்ணை எடுத்துவிட்டால் சிபாரிசு உள்ளே வரும். யாருடைய மாணவர், யாருக்கு வேண்டியவர் என்பதே பேசும். ஆதரிக்க ஆளில்லாதவருக்கு எண் ஒன்றே துணை. இதை நான் லேசாகத் தள்ளிவிட மாட்டேன். பெரிய பெயர்களின் நிழல் விழாத இடத்திலிருந்து வந்த சிலரை அந்த எண்தான் கதவைத் தாண்டிக் கொண்டுவந்தது என்பதையும் பார்த்திருக்கிறேன். அதனால் எண்ணை எரித்துவிடச் சொல்லவில்லை. கோப்பின் கடைசிப் பக்கத்தில் வையுங்கள். படித்து முடித்து, ஒரு கருத்துக்கு வந்த பிறகு பாருங்கள். ஒரே உட்பிரிவில், ஒரே காலத்தில் தொடங்கியவர்களோடு மட்டும் ஒப்பிடுங்கள். சாதனை மூலக்கூறு செய்தவரையும் ஆயுள் அளப்பவரையும் ஒரே வரிசையில் நிறுத்தாதீர்கள். உங்கள் கருத்தும் எண்ணும் மோதினால், ஏன் மோதுகின்றன என்று பேசுங்கள். எங்கள் கூட்டத்தில் அந்தப் பேச்சு நடந்திருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்காது.

அதற்கு முன் விண்ணப்பதாரரிடம் வேறொன்றைக் கேளுங்கள். ஐந்து கட்டுரை போதும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம்: இந்த முடிவை உங்கள் ஆய்வகத்துக்கு வெளியே யார் திரும்பச் செய்தார்கள், அவர்களுக்கு என்ன கிடைத்தது, எங்கே மாறுபட்டது, ஏன் என்று நினைக்கிறீர்கள். எத்தனை மின்கலங்களில் அளந்தீர்கள், சிறந்ததற்கும் சராசரிக்கும் எவ்வளவு இடைவெளி. வந்த மேற்கோள்களில், உங்கள் வேலையின் மீது நின்று எழுந்த இரண்டையும், உங்களைத் திருத்திய ஒன்றையும் எடுத்துக் காட்டுங்கள் என்று கேளுங்கள். திருத்திய ஒன்றைத் தயங்காமல் எடுத்துவைப்பவரிடம் எனக்கு உடனே நம்பிக்கை வரும். யாருக்கெல்லாம் பாலிமர் மாதிரிகளை அனுப்பினீர்கள், அளவீட்டுத் தரவுகளை எங்கே திறந்து வைத்திருக்கிறீர்கள் என்றும் கேட்கலாம். இருநூறு விண்ணப்பம் வருகிறது, இதற்கெல்லாம் நேரமில்லை என்பீர்கள். இருநூறிலும் இதைக் கேட்க வேண்டாம். இறுதிச் சுற்றுக்கு வரும் பன்னிரண்டில் கேளுங்கள். பன்னிரண்டு பேருக்கு ஐந்து பக்கம் வீதம் அறுபது பக்கம். ஒருவரின் முப்பது ஆண்டு வேலைவாழ்வைத் தீர்மானிக்கும் முன் ஒரு மாலை நேரத்தைச் செலவிடலாம்.

இந்த ஆண்டு என் கோப்பும் ஒரு குழுவின் முன் போகிறது. மொத்த மேற்கோள் என்ற கட்டத்தை நான் நிரப்பவில்லை. அதற்குப் பதில், திரும்பச் செய்ய முடியாமல் போன அந்த எட்டு மாதத்தைப் பற்றி, மாணவியின் குறிப்பேட்டிலிருந்து அளவீடுகளை எடுத்து, இரண்டு பக்கம் எழுதி இணைத்திருக்கிறேன். அந்தப் பழைய கட்டுரையின் ஆசிரியருக்கும் முதல் பிரதியை அனுப்பியிருக்கிறேன். எங்கே வேறுபட்டது என்று சேர்ந்து பார்க்கலாம் என்று அவர் பதில் எழுதியிருக்கிறார். பாலிமரின் புதிய தொகுப்பு ஒன்றை அனுப்புவதாகவும் சொல்லியிருக்கிறார்.

மின்கலங்களின் ஆயுளை அளக்கும் அந்த ஆய்வாளர் மீண்டும் விண்ணப்பிப்பார். உங்களில் யாரோ ஒருவருடைய மேசைக்கு அந்தக் கோப்பு வரும். அதில் ஒரு வரைபடம் இருக்கிறது: கிடையாக மணி நேரம், செங்குத்தாகச் செய்திறன், மெல்ல இறங்கும் எட்டுக் கோடுகள், ஒவ்வொரு கோட்டின் அருகிலும் அது ஏன் இறங்கியது என்று ஒரு வரி. அதை முதலில் பாருங்கள்.

அன்புடன்,
பாலிமர் சூரிய மின்கல ஆய்வாளர் ஒருவர்